தொட்டிகளைச் சுத்தமாக வைத்திருந்த ஜரீனா

செய்தி எனக்கு ஜரீனாவின் வீட்டிலிருந்து வரவில்லை. காலையில் பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி, லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "எங்கள் ஆய்வகத்தின் முன்னாள் உதவியாளர் திருமதி ஜரீனா இன்று அதிகாலை காலமானார். ஆழ்ந்த இரங்கல்." கீழே கைகூப்பிய படம். அனுப்பியவர், அவர் வேலை பார்த்த கடல் உயிரியல் ஆய்வகத்தின் தலைவர். முதல் முறை படித்தபோது ஜரீனா இல்லை என்பது புரிந்தது. மறுபடி படித்தபோது 'உதவியாளர்' என்ற சொல் கண்ணில் பட்டது. அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம் வந்துவிட்டது. லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போயும் விட்டது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் எங்கள் பள்ளியில் அவரிடம் உயிரியலும் என்னிடம் வேதியியலும் படித்தவர்கள். மற்றவர்கள் இங்கே வளைகுடாவில், நம் கராமாப் பகுதியில் அவரோடு கறி வாங்கியவர்கள், பேருந்துக்கு நின்றவர்கள், ரமலானில் அவர் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியைக் குடித்தவர்கள். செய்தி வந்த காலையிலேயே சங்கச் செயலாளர் என்னிடம், "டீச்சர், மனசைத் தொடற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. முதல் பக்கத்துல லேப் தலைவர் சார் மெசேஜ் போடறோம்" என்றார். சரி என்றேன். ஆனால் மனதைத் தொடுவது என் நோக்கமில்லை. ஜரீனாவுக்காகப் பழி வாங்கத்தான் இதை எழுதுகிறேன். காலமெல்லாம் வகுப்பெடுத்தவள் என்பதால் அவசரப்படாமல், ஒவ்வொன்றாக விளக்கித்தான் வாங்குவேன். தலைவரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப்போகப் புரியும்.

முதலில் தொதல் கதை. பழைய மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்கு ஜரீனாவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஜரீனா கீழக்கரைக்காரர். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவருக்குத் தொதல் வரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய, கறுத்து மினுங்கும் இனிப்பு அது. ஆசிரியர் அறை ஃபிரிட்ஜில் டப்பாவை வைத்துவிட்டு வகுப்புக்குப் போவார். திரும்பி வரும்போது பாதி இருக்காது. கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அடுத்த முறை தொதல் வந்தபோது, கேக்குக்குப் போடும் நீலச் சாயத்தை அதில் நன்றாகப் பிசைந்து வைத்தார். கறுப்பில் நீலம் தெரியாது. அன்று மதியம் குடியரசு தின அணிவகுப்புக்கு ஒத்திகை. விளையாட்டு ஆசிரியர் மைக்கைப் பிடித்து "அட்டென்ஷன்" என்று வாயைத் திறந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஜரீனா அருகில் போய், மிக மரியாதையாக, "சார், கொஞ்சம் நாக்கை நீட்டுங்க" என்றார்.

மறுநாள் அவருக்கென்று தனியாக ஒரு டப்பா தொதல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கேட்டா குடுப்பேன் சார். எடுத்தா விடமாட்டேன்" என்றார். அதன்பின் அந்த இருவரைப்போல் நண்பர்களை அந்தப் பள்ளி பார்க்கவில்லை. ஜரீனாவின் ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று ஷார்ஜாவிலிருந்து ஓடிவந்து, சந்தூக்குக்குத் தோள் கொடுத்து, மையவாடிவரை போய்வந்தவர் அந்த விளையாட்டு ஆசிரியர்தான். "என்னை நாக்கை நீட்ட வச்ச ஒரே ஆள் போயிட்டாங்க டீச்சர்" என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். ஜரீனாவின் பழி அப்படிப்பட்டது. கணக்கு தீர்ந்ததும் அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. தீராத கணக்கு ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தம் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போனபின் ஜரீனா பள்ளியை விட்டுவிட்டு ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் கடல் உயிரியலில் முதுகலை படித்தவர். கல்யாணமும் விசாவும் சேர்ந்து அவரை வகுப்பறையில் உட்காரவைத்திருந்தன. ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். "இந்த வயசுல போய் மீன் வளக்கப் போறீங்களாக்கும் மிஸ்?" என்றார் ஒருவர். "மீன் தேவலை சார். அதோட உம்மா வாப்பா மீட்டிங்குக்கு வந்து எம் பிள்ளைக்கு ஏன் மார்க் கொறைஞ்சுதுன்னு கேக்க மாட்டாங்க" என்றார் ஜரீனா.

ஆய்வகம் அப்போது கடற்கரையோரம் ஒரு பழைய வில்லாவில் இருந்தது. மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டேங்க், கூடத்தில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒரு விடுமுறை நாளில் என்னைக் கூட்டிப் போய் லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். கடுகளவு புள்ளிகள், பூப்போல் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. "பவளக் குஞ்சுங்க டீச்சர். போன பௌர்ணமிக்குப் பொறந்ததுங்க" என்றார். பவளம் கல் என்று நினைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அது உயிர். ஊர் ஊராகக் கூடி வாழும் சின்னஞ்சிறு விலங்கு.

ஜரீனா எனக்கு விளக்கியதை அப்படியே தருகிறேன். கராமாவில் ஒரு பேச்சிலர் ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் இருப்பார்கள். அதில் ஒருவனுக்குத்தான் சமைக்கத் தெரியும். மற்றவர்கள் அவன் கைச்சோற்றில் உயிர் வாழ்கிறார்கள். பவளத்துக்குள் அப்படி ஒரு பாசி குடியிருக்கிறது. வெயிலைப் பிடித்துச் சமைத்து வீட்டுக்காரருக்கும் போடுகிறது. பவளத்தின் நிறமே பெரும்பாலும் அந்தச் சமையற்காரன் தந்ததுதான். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் ரூமில் சண்டை வருகிறது. சமையற்காரனைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். பவளம் வெளுத்துப் போகிறது. அப்புறம் பட்டினிதான். நம் வளைகுடாக் கடல் குளம்போல ஆழமில்லாதது, கொதிப்பது. இங்குள்ள பவளங்கள் மற்ற கடல்களில் இருப்பவை தாங்காத சூட்டைத் தாங்கும். ஆனால் இப்போதெல்லாம் கோடைகள் இவற்றையும் விட்டுவைப்பதில்லை.

இதுவரை உலகம் அறிந்தது. ஜரீனா பார்த்தது வேறு. படகில் போகும்போதெல்லாம், ஆழம் குறைந்த ஒரு திட்டில், சுற்றிலும் எல்லாம் வெளுத்துக் கிடக்க ஒரு கிழட்டுப் பவளம் மட்டும் பழுப்பும் பச்சையுமாக நிற்பதைக் கவனித்தார். எல்லோரும் அதன் பாசியை ஆராய்ந்தார்கள். ஜரீனா அதன் மேல் படிந்திருந்த வழவழப்பை எடுத்து வந்தார். "ரூம்ல எட்டுப் பேரையும் விசாரிச்சாச்சு டீச்சர். வாசல்ல நாத்தூர்னு ஒருத்தன் உக்காந்திருக்கான்ல, அவனை யாராவது கேட்டாங்களா?" என்றார். நாத்தூர் என்றால் கட்டடக் காவலாளி. யார் வருகிறார், போகிறார், எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். பவளத்தின் வழவழப்பில் வாழும் பாக்டீரியாக்களைத்தான் ஜரீனா நாத்தூர் என்றார். பவளத்தின் உடம்பில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் உடல்நலத்தைக் காக்கின்றன என்பதை இப்போது பல நாடுகளில் ஆராய்கிறார்கள். நம் குடலில் இருப்பவற்றைப் பற்றி டாக்டர்கள் பேசுவதுபோலத்தான்.

அந்தப் பாக்டீரியாக்களை வளர்த்து, குடுவையில் ஃபிரிட்ஜில் வைத்து, வேளாவேளைக்குக் குஞ்சுகளின் தொட்டியில் ஊற்றினார். பிறகு தொட்டிகளைச் சூடாக்கினார்கள். ஊற்றாத தொட்டிகளில் குஞ்சுகள் வெளுத்து உதிர்ந்தன. ஜரீனா ஊற்றிய தொட்டிகளில் நின்றன. அன்று எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நிக்குதுங்க" என்று மட்டும்தான் சொன்னார்.

கட்டுரை வெளிவந்தது. தலைவரின் பெயர் முதலில், அப்புறம் வெளிநாட்டுக் கூட்டாளிகள். ஜரீனாவின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. கடைசியில், பொடி எழுத்தில், தொட்டிகளைப் பராமரித்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியிலும் பெயர் இல்லை.

பிறகு நம் சங்கமே தலைவருக்குப் பாராட்டு விழா நடத்தியது. பலர் வந்திருந்தீர்கள். பொன்னாடை போர்த்தி, பவளத்தைக் காத்த தமிழர் என்று அறிவித்தபின் அவர் மைக்கைப் பிடித்தார். "இங்க ஒருத்தரை நான் சொல்லியே ஆகணும். நம்ம ஜரீனா அக்கா. எங்க தொட்டி எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமா வச்சிருந்தாங்க. அக்கா, எங்க இருக்கீங்க, எந்திரிங்க" என்றார். அரங்கம் கைதட்டியது. ஜரீனா எழுந்திருக்கவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, மேடையை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, "எந்திரிங்க ராத்தா, உங்களைத்தான் கூப்பிடறார்" என்று தோளைத் தொட்டார். "என்னை இல்லம்மா. அவர் யாரோ வீட்டு வேலைக்காரங்களைக் கூப்பிடறார்" என்றார் ஜரீனா.

மறுநாள் தலைவரின் அறைக்குப் போய்ப் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பத்திரிகையின் விதிகள் இடம் தராது, அக்கா இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார் தலைவர். ஜரீனா விடவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். அந்தக் கோடை முடிவதற்குள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லிவிட்டார்கள். வளைகுடாவில் இதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கலாஸ் என்றால் முடிந்தது. கணவர் சம்சுதீன் பாய் கராமாவில் கைப்பைக் கடை வைத்திருந்ததால் அவர் விசாவில் இருந்துகொண்டார். இல்லாவிட்டால் ஊருக்கே அனுப்பியிருப்பார்கள்.

ஆய்வகம் புதிய கட்டடத்துக்குப் போனது. வழுவழுப்பான தரை, குளிரூட்டப்பட்ட கூடம், மொட்டைமாடி டேங்குக்குக்கூடக் குளிரூட்டி. அங்கே அதே சோதனையை மறுபடி செய்தார்கள். குஞ்சுகள் நிற்கவில்லை. கூட்டாளி நாட்டு ஆய்வகத்தில் செய்தார்கள். அங்கும் நிற்கவில்லை. கட்டுரையில் எழுதியபடி வரிக்கு வரி செய்தும் வரவில்லை. அறிவியலில் இது சின்ன விஷயமில்லை. ஒரு ரசம் எழுதிய முறைப்படி யார் வைத்தாலும் ரசமாக வர வேண்டும். ஒருவர் கைக்கு மட்டும் வந்தால் அது கைமணம், கண்டுபிடிப்பு அல்ல. தலைவரை எல்லோரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்போது அவர் போன் செய்தார். நான் ஜரீனாவின் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஜரீனாவின் கையிலும் இறால். ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

"இருக்கேன் சார். தொட்டி எல்லாம் சுத்தமா இருக்கா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா, ஒரு நாள் லேபுக்கு வந்துட்டுப் போங்க. கார் அனுப்பறேன். பசங்க ஏதோ தப்பு பண்றாங்க. உங்க கை பட்டா சரியாயிடும்."

"கைன்னா எந்தக் கை சார்? தொட்டி கழுவுற கையா?"

"அக்கா, பழசை எல்லாம் விடுங்க. இது பவளத்துக்காக."

"எம் பேரைப் போடுங்க. வந்து பாக்கறேன்."

"அது முடிஞ்சுபோன கட்டுரை அக்கா."

"அப்ப இதுவும் முடிஞ்சுபோனதுதான் சார்" என்று சொல்லி, இறால் கையின் பின்புறத்தால் போனை அணைத்தார்.

குஞ்சுகள் ஏன் நிற்கவில்லை என்று அன்று ஜரீனாவுக்கே தெரியாது. தெரிந்தது அடுத்த வெயில்காலத் தொடக்கத்தில். வளைகுடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே கோடையில் மொட்டைமாடி டேங்கில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. ஆகவே மே மாதம் பிறந்ததும் பழைய ஃபிளாட்டுகளில் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவோம். ஹீட்டரின் கலன் வீட்டுக்குள், ஏசி நிழலில் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறிவிடும். அதன்பின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஆறியும், பச்சைத்தண்ணீர்க் குழாயில் கொதித்தும் வரும். அக்டோபர்வரை தலைகீழாகக் குளிப்போம். கராமாவில் குழந்தைக்கும் இது தெரியும்.

அந்த மே மாதம் ஜரீனா ஹீட்டரை அணைத்துவிட்டு, எப்போதும்போல் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்து சூடு பார்த்தார். கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு எனக்குப் போன் செய்தார். "டீச்சர், உடனே வாங்க. அடுப்பை அணைச்சிட்டு வாங்க" என்றார். ஓடினேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சம்சுதீன் பாய் பயந்துபோய், "என்ன புள்ள, என்ன ஆச்சு?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்டீரியாக் குடுவையைக் குஞ்சுகளின் தொட்டியில் அப்படியே ஊற்றக் கூடாது என்று ஜரீனா அதைத் தண்ணீரில் வைத்துக் குளிர் போக்குவார். குழந்தையின் பால் புட்டியைத் தண்ணீரில் வைப்பதுபோல. சிங்க்கில் ஒரு பேசினை வைத்துக் குழாயைத் திறந்து, குடுவையை அதில் நிறுத்தி, ஒரு மணி நேரம் மற்ற வேலை பார்ப்பார். முறையை எழுதிக் கொடுத்தபோதும் குழாய்த் தண்ணீரில் வைக்கவும் என்றுதான் எழுதினார். கட்டுரையிலும் அப்படியே வந்தது. ஆனால் அந்தப் பழைய வில்லாவில், கோடையில், குழாய்த் தண்ணீர் என்பது என்ன? கொதிக்கும் டேங்கிலிருந்து நேராக வருவது. அவர் குளிர் போக்குவதாக நினைத்தார். உண்மையில் பாக்டீரியாக்களை ஒரு மணி நேரம் சூட்டில் வாட்டியிருக்கிறார். தாங்காதவை செத்திருக்கும். தாங்கியவை மட்டும் குஞ்சுகளிடம் போயிருக்கும். புதிதாக வந்த ஆளை முதல் நாளே உச்சி வெயிலில் சைட்டில் நிறுத்தினால் மயங்கி விழுவான். ஒரு கோடையைக் கண்டவன் நிற்பான். ஜரீனா தெரியாமலே கோடையைக் கண்ட நாத்தூர்களைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்.

"பழைய வில்லாவுல குளிர்காலத்துல நான் ஊத்தி வச்ச தொட்டி எல்லாம் போச்சுல்ல டீச்சர், அப்ப குஞ்சு நோஞ்சான்னு நெனச்சேன். குஞ்சு இல்ல, தண்ணிதான். புது பில்டிங்ல டேங்குக்கு ஏசி. அங்க குழாயில ஐஸ்தண்ணி. அவங்க வெளிநாட்டுல கேக்கவே வேணாம்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலைவர் வீட்டு டேங்கும் ஏசி டேங்குதான். அவர் இந்த ஊர்ல ஒரு மே மாசமாவது குழாய்ல கை வச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கும். ஒரு குடுவை கழுவியிருந்தாப் போதும்" என்றார்.

நான் சந்தோஷத்தில், "உடனே எழுதிப் போடுங்க" என்றேன். ஜரீனாவின் முகம் மாறிவிட்டது. "யாருக்கு?" என்றார்.

அவர் சொல்லவில்லை. அந்தக் கோடை கடுமையாக இருந்தது. படகில் போய்வந்தவர்கள் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். என்னால் பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "கடல்ல இருக்குற அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு ஜரீனா?" "நீங்க கேக்குறது நியாயம்தான் டீச்சர். எனக்கும் அந்தக் குஞ்சுங்க கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா அந்த நியாயத்தை எல்லாரும் எங்கிட்டயே வந்து கேக்குறீங்களே. அவர்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார். மன்னித்துவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். "மன்னிப்பும் தொதல் மாதிரித்தான். கேட்டாத்தான் குடுக்க முடியும்" என்றார். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பவர்களுக்காக இதை நான் மறைக்கவில்லை. பவளங்கள் வெளுக்க வெளுக்க அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். அது அவருக்கு எளிதாக இல்லை. அந்த வருடத்துக்குப் பின் கடற்கரைப் பக்கமே அவர் வரவில்லை.

கடைசியாக மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் எழுந்து கிளம்பும் நேரத்தில் கையைப் பிடித்தார். "எனக்கு அப்புறம் அதைச் சொல்லணும்னா சொல்லிக்கங்க டீச்சர். ஒண்ணு மட்டும். யார் காதுலயும் ரகசியமா சொல்லாதீங்க" என்றார். இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரமே, அதிகாலை பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

அன்று அவர்கள் ஃபிளாட் முழுக்க ஆட்கள். கூடத்தில் ஆண்கள், உள்ளே நாங்கள். ஆண்கள் மையவாடிக்குப் போய்த் திரும்பியபின் சம்சுதீன் பாய் என்னிடம் வந்து நின்றார். "டீச்சரம்மா, மவுத்தானவங்க மேல யாருக்காவது வருத்தம் இருந்தா பொருந்திக்கங்க, மன்னிச்சுக்கங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். வழக்கம் அது. ஆனா மவுத்தானவ ஒருத்தர் மேல வருத்தத்தோட போயிருந்தா, அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதுக்கு ஒண்ணும் வழக்கம் இல்லையே" என்றார். அந்த நிமிஷத்தில்தான் இந்தக் கட்டுரையை இப்படி எழுதுவதென்று முடிவு செய்தேன்.

நான் கிளம்பியபோது தலைவர் லிஃப்ட் பக்கத்தில் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பேரீச்சம்பழப் பெட்டி.

"டீச்சர், ஒரு நிமிஷம். கடைசி நாள்ல எல்லாம் நீங்கதானே கூட இருந்தீங்க."

"ஆமா சார்."

"வேலையைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? முறையில ஏதாவது விட்டுப்போச்சுன்னு?"

சந்தூக்கைச் சுமந்து போய்த் திரும்பியவர்களின் செருப்புகள் இன்னும் வாசலில் கலைந்து கிடந்தன.

"காலையில மெசேஜ்ல உதவியாளர்னு போட்டிருந்தீங்களே சார். உதவியாளருக்கு என்ன தெரியப்போகுது?"

"டீச்சர், எனக்காகக் கேக்கலை. பவளத்துக்காக."

"அப்படின்னா சொல்றேன் சார். மலர்ல எழுதறேன். படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நான் படிக்கட்டு வழியாகவே இறங்கி வந்துவிட்டேன்.

எழுதிவிட்டேன். மேலே இருப்பதுதான் விட்டுப்போன அந்த ஒன்று. பாக்டீரியாவைச் சூட்டில் வாட்டிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். இது சரியா என்று சோதிக்க ஜரீனாவிடம் தொட்டி இல்லை. என்னிடம் தொட்டியும் இல்லை, அந்தப் படிப்பும் இல்லை. தவறாகவும் இருக்கலாம். சோதித்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் இப்போது ஆய்வகங்களில் இருக்கிறீர்கள். தம்மாமில் டாக்டராக இருப்பவளும் ராஸ் லஃபானில் எஞ்சினியராக இருப்பவனும் அவரவருக்குத் தெரிந்த கடல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இது யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே எல்லோருக்கும் சொந்தம். யார் செய்து குஞ்சுகள் நின்றாலும் எனக்கு மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள். எழுதும்போது பெயர் போடுங்கள். ஜரீனா. உதவியாளர் அல்ல, தொட்டி பராமரித்தவர் அல்ல. நாத்தூரைப் போய்க் கேட்கலாம் என்று முதலில் நினைத்தவர்.

தலைவர் அவர்களே, இந்த மலரின் முதல் பக்கத்தில் உங்கள் செய்தி இருக்கிறது. அதில் உங்கள் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். என் கட்டுரையில் எங்குமே இல்லை. பொடி எழுத்தில்கூட இல்லை. அது எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

ஜரீனாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது சமாதானம் அல்ல. அதை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. மே மாதம் ஹீட்டரை அணைத்ததும் குழாயைத் திறந்து கைவைத்துப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்கிறேன். "டீச்சர், நிக்குதுங்க" என்ற அந்தக் குரலை வைத்துக்கொள்கிறேன். கேட்டால் கொடுப்பேன், எடுத்தால் விடமாட்டேன் என்ற அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, அவர் தொடங்கியதை முடித்துவைக்கிறேன். தலைவர் அவர்களே, அடுத்த முறை எந்த மேடையிலாவது பவளத்தைக் காத்த கதையைச் சொல்ல நீங்கள் வாயைத் திறப்பீர்கள். இதைப் படித்த அத்தனை பேரும் அப்போது உங்கள் நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.